மாவுச்சத்து மிஞ்சினாலும் குறைந்தாலும் மாட்டின் ஈரலுக்குக் கேடு

ஆனி பிறந்து குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் தென்காசி வட்டாரத்துக்கே ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று எங்கும் கூட்டம். வயல்களில் கார் நெல் நடவு நடக்கிறது. ஆனி முகூர்த்தங்களும் சேர்ந்துகொள்கின்றன. உணவு விடுதிகளிலும் விசேஷ வீடுகளிலும் சோறு மிஞ்சுகிறது. மிஞ்சிய சோற்றை மண்ணில் கொட்ட யாருக்கும் மனம் வருவதில்லை. பாத்திரத்தோடு அது மாட்டுத் தொழுவத்துக்குப் போகிறது. பலாப்பழக் காலமும் அப்போது முடிந்திருப்பதில்லை. சுளையும் சக்கையும் சேர்ந்து அதே தொட்டிக்கு வருகின்றன.

பசுவுக்குச் சோறிடுவது புண்ணியம் என்று எண்ணுவோர் நம்மில் பலர். ஆனால் கணக்கில்லாமல் இடும் சோறு பசுவின் உயிரையே வாங்கிவிடக்கூடும் என்பது கறவை மாடு வளர்ப்போர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தியாகும். அதே போல, கன்று ஈன்று நிறையப் பால் கறக்கும் பசுவுக்குத் தேவையான மாவுச்சத்து கிடைக்காமற் போனாலும் ஆபத்துதான். இவ்விரண்டு கேடுகளும் இரத்தத்தில் ஒரே விதமான தடயத்தை விட்டுச் செல்வதுண்டு. ஈரலில் இருக்க வேண்டிய நொதிகள், அதாவது என்சைம்கள், இரத்தத்தில் மிகுந்துவிடுகின்றன.

இரண்டு பசுக்கள்

இலஞ்சிப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு கலப்பினப் பசு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 8 லிட்டர் பால் தருகிறது. மளிகைக் கடை பாக்கியும் பிள்ளையின் பள்ளிச் செலவும் அந்தப் பாலை நம்பித்தான் நடக்கின்றன. ஓர் இரவு, கல்யாண வீட்டில் மிஞ்சிய சோறு தொட்டியில் விழுகிறது. பசுவும் விரும்பித் தின்கிறது. விடிந்து பார்த்தால் அசை போடவில்லை. வயிறு உப்பியிருக்கிறது. புளித்த வாடையுடன் தண்ணீராகக் கழிகிறது. பல்லை நறநறவென்று கடிக்கிறது. எழுப்பினால் தள்ளாடுகிறது. கால்நடை மருத்துவர் வந்ததும் முதலில் கேட்பது தீவனத்தைப் பற்றித்தான்.

"நேத்து என்னம்மா வச்சீங்க?"

"எப்பவும் வைக்கிறதுதான் ஐயா. தவிடு, புண்ணாக்கு, கழனித்தண்ணி. ராத்திரி மட்டும் கொஞ்சம் சோறு."

"கொஞ்சம்னா எவ்வளவு?"

"ஒரு குண்டான் இருக்கும் ஐயா. நல்லாத்தானே தின்னுச்சு!"

பாவூர்சத்திரம் பக்கத்தில் இன்னொரு பசு. கன்று ஈன்று 3 வாரம் ஆகிறது. நாளுக்கு 14 லிட்டர் கறந்தது, திடீரென்று பாதியாகக் குறைந்துவிட்டது. வைக்கோலைக் கொறிக்கிறது, ஆனால் அடர்தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. முதுகெலும்பும் இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டு தெரிகின்றன. மூச்சிலும் பாலிலும் ஒருவித இனிப்பு கலந்த வாடை வீசுகிறது. இதற்கு யாரும் சோறு போடவில்லை.

முதற் பசுவுக்கு வந்தது அமில நோய். இரண்டாவதற்கு வந்தது கீட்டோசிஸ். ஒன்றில் மாவுச்சத்து ஒரே நேரத்தில் மிஞ்சியது. மற்றொன்றில் தேவைக்குக் குறைந்தது. இரண்டின் இரத்தத்தையும் சோதித்தால் ஈரல் நொதிகள் உயர்ந்து காணப்படக்கூடும். இது எவ்வாறு நேருகிறது என்பதைப் புரிந்துகொள்ள, மாடு தீவனத்தைச் செரிக்கும் முறையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாட்டின் வயிற்றில் நடப்பது

மனிதன் உண்ணும் சோறு குடலில் குளுக்கோஸ் சர்க்கரையாக மாறி நேரே இரத்தத்தில் சேர்கிறது. மாட்டில் அப்படியில்லை. தின்ற தீவனம் முதலில் பெருவயிற்றுக்குப் போகிறது. வளர்ந்த பசுவின் பெருவயிறு 100 லிட்டருக்கும் மேல் கொள்ளக்கூடிய ஒரு நொதித்தல் தொட்டி போன்றது. அதில் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. வைக்கோலின் நாரையும் தவிட்டின் மாவையும் அவை சிதைத்து அசிட்டிக், புரப்பியானிக், பியூட்டிரிக் என்னும் எளிதில் ஆவியாகும் அமிலங்களாக மாற்றுகின்றன. பசுவின் உடலுக்கு வேண்டிய ஆற்றலில் பெரும்பகுதி இந்த அமிலங்களிலிருந்தே கிடைக்கிறது.

குடல் வழியாகப் பசுவுக்கு நேரடியாகக் கிடைக்கும் குளுக்கோஸ் மிகச் சொற்பம். தேவையானதை அதன் ஈரல்தான் தயாரித்துக்கொள்ள வேண்டும். அதற்கு முக்கிய மூலப்பொருள் புரப்பியானிக் அமிலம். இதனால்தான் மனிதனைவிடப் பசுவின் இரத்தத்தில் சர்க்கரை குறைவு. 100 மில்லி லிட்டருக்கு 45 முதல் 75 மில்லிகிராம் இருந்தால் அது பசுவுக்கு இயல்பான அளவே.

செலவோ பெரிது. பாலில் உள்ள லாக்டோஸ் என்னும் பால் சர்க்கரை, குளுக்கோஸிலிருந்து உண்டாவது. ஒரு லிட்டர் பாலுக்கு ஏறத்தாழ 70 கிராம் குளுக்கோஸ் வேண்டும். 14 லிட்டர் கறக்கும் பசுவின் ஈரல், பாலுக்கென்று மட்டும் நாள்தோறும் ஏறக்குறைய ஒரு கிலோ குளுக்கோஸ் ஈட்டித் தர வேண்டியிருக்கிறது. பசுவின் உடலில் ஓய்வின்றி உழைக்கும் தொழிற்சாலை ஈரலே என்பதை இதிலிருந்து உணரலாம்.

சோறு மிஞ்சினால்

வேகவைத்த சோறு, கஞ்சி, பொங்கல், மாவு, பலாச்சுளை ஆகியவற்றில் உள்ள மாவுச்சத்தும் சர்க்கரையும் நாரைப்போல மெதுவாகச் சிதைவதில்லை. பெருவயிற்றில் சில மணி நேரத்திலேயே பொங்கிப் புளித்துவிடுகின்றன. சாதாரணமாகப் பெருவயிற்று நீரின் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருக்கும். மாவு திடீரென்று குவியும்போது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் இனக் கிருமிகள் பெருகி லாக்டிக் அமிலத்தைக் கொட்டுகின்றன. அளவு 5.5க்குக் கீழே இறங்குகிறது. கடுமையான நிலையில் 5க்கும் கீழே போய்விடுகிறது. நார் செரிக்கும் நல்ல நுண்ணுயிர்கள் மடிகின்றன. அமிலத்திலேயே வாழும் லாக்டோபாசில்லஸ் கிருமிகள் மட்டும் மிஞ்சி, மேலும் அமிலத்தைச் சேர்க்கின்றன. தீவனத்தைத் திடீரென மாற்றும்போது பெருவயிற்றில் நேரும் இக்குழப்பத்தை அமெரிக்க விஞ்ஞானி ஹங்கேட்டும் அவருடன் பணியாற்றியோரும் 1952லேயே விளக்கியிருக்கின்றனர்.

அமிலம் மிகுந்த பெருவயிறு, உடலிலுள்ள நீரைத் தன்பால் இழுத்துக்கொள்கிறது. கண் குழி விழுகிறது, இரத்தம் கெட்டியாகிறது. பெருவயிற்றின் உட்சுவர் வெந்துபோகிறது. செத்த கிருமிகளின் நச்சும், புண் வழியே நுழையும் உயிருள்ள கிருமிகளும் நேரே ஈரலை அடைகின்றன. ஏனெனில் வயிற்றிலிருந்தும் குடலிலிருந்தும் புறப்படும் இரத்தம் முதலில் போய்ச் சேரும் இடம் ஈரலே. அங்கே செல்கள் நலிகின்றன. தப்பிப் பிழைத்த மாடுகளிலும் பின்னர் ஈரலில் சீழ்க்கட்டியும் குளம்பு வீக்கமும் தோன்றுவது இதனால்தான். நோய் கடுமையானால் ஓரிரு நாட்களிலேயே மாடு இறந்துவிடும்.

மாட்டுப் பொங்கலன்று அளவின்றிப் பொங்கல் ஊட்டுவதாலும் இதே நோய் வரும். கார் அறுவடை முடிந்து களத்தில் நெல் காயும்போது கயிறு அறுத்துக்கொண்டு போய் வயிறு புடைக்க நெல்லைத் தின்றுவிடும் ஆடுகளுக்கும் நேருவது இதுவேயாகும்.

தேவைக்குக் குறைந்தால்

கன்று ஈன்ற பின் பால் விறுவிறுவென்று ஏறுகிறது. ஆனால் பசுவின் பசி அதே வேகத்தில் ஏறுவதில்லை. வரவு குறைந்து செலவு மிகுந்த குடும்பம் சேமிப்பில் கை வைப்பது போல, பசு தன் உடற்கொழுப்பைக் கரைக்கத் தொடங்குகிறது. கரைந்த கொழுப்பு ஈரலுக்கு வருகிறது. அதை முழுவதும் எரிக்க ஈரலால் முடிவதில்லை. பாதி எரிந்த பகுதி கீட்டோன் பொருள்களாக இரத்தத்திலும் பாலிலும் சிறுநீரிலும் வெளிப்படுகிறது. எரியாத கொழுப்பு ஈரலிலேயே படிந்துவிடுகிறது. படிந்த கொழுப்பை வெளியேற்றும் ஆற்றல் மாட்டின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஆகவே ஈரல் வீங்குகிறது, அதன் செல்கள் கசியத் தொடங்குகின்றன. குளுக்கோஸ் தயாரிக்க வேண்டிய ஈரலே நலிந்துவிடுவதால் பற்றாக்குறை மேலும் வளர்கிறது.

கன்று ஈன்ற 2 முதல் 6 வாரங்களுக்குள் இந்நோய் மிகுதியாகத் தென்படும். சினைக் காலத்தில் அளவுக்கு மீறிக் கொழுத்த பசுக்களுக்கு ஈரலில் கொழுப்பு படியும் அபாயம் இன்னும் அதிகம். கொழுகொழுவென்று இருக்கிறதே என்று மகிழ்ந்துவிடலாகாது.

பசு சோர்ந்திருக்கிறதே என்று வெல்லத்தைக் கரைத்து ஊற்றுவது பல வீடுகளில் வழக்கம். அந்த வெல்லத்தைப் பெருவயிற்று நுண்ணுயிர்களே தின்று தீர்த்துவிடும். சர்க்கரையாக அது இரத்தத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. மருத்துவர் குளுக்கோஸை இரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவதும், ஈரலில் குளுக்கோஸாக மாறக்கூடிய புரப்பிலீன் கிளைக்கால் போன்ற மருந்தை வாய்வழி கொடுப்பதும் இக்காரணம் பற்றியே.

நொதிகள் சொல்லும் செய்தி

நொதி என்பது உயிருள்ள செல்லுக்குள் இருந்து இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதப் பொருள். ஈரல் செல்களில் பலவகை நொதிகள் உண்டு. செல் நலமாக இருக்கும்வரை அவை உள்ளேயே இருக்கும். இரத்தத்தில் சிறிதளவே காணப்படும். செல்லின் சுவர் நலிந்தால் அவை இரத்தத்துக்குக் கசிந்துவிடும். ஓட்டைப் பானையைச் சுற்றித் தரை ஈரமாவது போலத்தான். ஈரத்தின் அளவைக் கொண்டு கசிவை அறியலாம்.

இரத்தத்தில் நொதியை அளந்து நோயறியும் முறை மனித மருத்துவத்தில் 1954ல் பெரும் திருப்பம் கண்டது. மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் ஒரு நொதி உயர்வதை லாடூ, ரூப்லெவ்ஸ்கி, கார்மென் ஆகிய மூவர் அமெரிக்காவில் கண்டறிந்தனர். எஸ்.ஜி.ஓ.டி. என்ற பெயரில் மருத்துவமனைச் சீட்டுகளில் பலரும் பார்த்திருக்கும் நொதி அதுவே. இப்போது ஏ.எஸ்.டி. என்று அழைக்கப்படுகிறது. மாடுகளுக்கும் இச்சோதனை மிகவும் பயன்படுகிறது. நலமான பசுவில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 80 முதல் 130 அலகு வரை இருக்கும். ஆய்வுக்கூடத்துக்கு ஆய்வுக்கூடம் இவ்வளவு சற்று மாறும். இதனுடன் ஜி.ஜி.டி., ஜி.எல்.டி.எச். ஆகிய நொதிகளையும் பார்த்தால் ஈரலின் நிலை தெளிவாகும். மனிதரில் ஈரலுக்கென்று பார்க்கும் ஏ.எல்.டி. (எஸ்.ஜி.பி.டி.) மாட்டின் ஈரலில் மிகக் குறைவாக இருப்பதால் மாடுகளுக்கு அது பயன்படுவதில்லை.

ஆனால் எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்யக்கூடாது. ஏ.எஸ்.டி. ஈரலில் மட்டுமன்றித் தசையிலும் உண்டு. எழ முடியாமல் வெகுநேரம் ஒரே பக்கமாகப் படுத்த மாட்டுக்குத் தசை நசுங்கியே இது உயர்ந்துவிடும். அப்போது தசைக்குரிய சி.கே. என்ற நொதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எடுத்த இரத்தத்தைக் குலுக்கினாலும், வெயிலில் வைத்தாலும் சிவப்பணுக்கள் உடைந்து அளவு பொய்யாக உயரும். பிறந்து ஓரிரு நாளான கன்றில் ஜி.ஜி.டி. மிக உயர்ந்திருந்தால் அது நோயன்று. கன்று சீம்பால் நன்றாகக் குடித்திருக்கிறது என்பதற்கே அது அடையாளம். தாய்ப்பசுவின் சீம்பாலில் அந்நொதி நிறைந்திருக்கிறது.

முக்கியமாக, நொதி உயர்ந்திருப்பது ஈரல் நலிந்ததைக் காட்டுமேயன்றி, சோறு மிஞ்சியதா, தீவனம் குறைந்ததா என்பதைக் காட்டாது. அதைச் சொல்ல வேண்டியவர் மாட்டுக்காரரே. எதை, எவ்வளவு, எப்போது வைத்தோம் என்பதை மறைக்காமல் சொல்வது பாதி மருத்துவம். "திட்டுவாரோ" என்று அஞ்சிச் சோறு போட்டதை மறைத்தால் இழப்பு நமக்கே. அமில நோய்க்குப் பெருவயிற்று நீரை எடுத்து அதன் அமில நிலையை மருத்துவர் சோதிப்பார். கீட்டோசிஸுக்குப் பாலிலோ சிறுநீரிலோ ரோத்தரா சோதனை செய்தால் ஊதா நிறம் தோன்றும். இரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சி பியூட்டிரிக் அமிலம் லிட்டருக்கு 1.2 மில்லிமோலும் அதற்கு மேலும் இருந்தால், வெளியே அடையாளம் தெரியாத நிலையிலும் நோய் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

1. பசுவின் தீவனத்தில் நார் முதலிடம் பெற வேண்டும். நறுக்கிய வைக்கோலும் பசும்புல்லும் தின்று நன்றாக அசை போடும் பசுவுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டருக்கும் மேல் உமிழ்நீர் சுரக்கும். உமிழ்நீரிலுள்ள சோடா உப்பு அமிலத்தை முறிக்கும். சாரல் காலத்தில் வைக்கோற்போரை நனையாமல் மூடிக் காத்தல் இதனால் மிக அவசியம். பூசணம் பிடித்த வைக்கோலைத் தரலாகாது.

2. காலையில் வெறும் வயிற்றில் அடர்தீவனம் வைக்க வேண்டாம். முதலில் வைக்கோல் அல்லது புல், பிறகே அடர்தீவனம்.

3. அடர்தீவனம் உடல் பராமரிப்புக்கு 1 முதல் 1.5 கிலோவும், கறக்கும் பாலில் ஒவ்வொரு 2.5 முதல் 3 லிட்டருக்கு 1 கிலோவும் தேவை. இதை ஒரே வேளையில் கொட்டாமல் 3 வேளையாகப் பிரித்துத் தரவும். தானியத்தை நைசாக அரைக்காமல் குருணையாக உடைத்துச் சேர்ப்பது நலம்.

4. சினையின் கடைசி 2 மாதங்களில் அடர்தீவனத்தைச் சிறிது சிறிதாக நாளொன்றுக்கு 1 முதல் 1.5 கிலோ வரை கூட்டிப் பழக்கவும். ஆனால் பசு கொழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளவும். ஈன்ற பின் பாலுக்கு ஏற்றபடி 10 முதல் 14 நாட்களில் படிப்படியாக உயர்த்தவும். பெருவயிற்று நுண்ணுயிர்கள் புதிய தீவனத்துக்குப் பழகுவதற்கு அத்தனை நாள் வேண்டும்.

5. விடுதிச் சோறு, விருந்துச் சோறு, பொங்கல், பழக்கழிவு ஆகியவற்றை முதன்மைத் தீவனமாக ஆக்க வேண்டாம். பூசைக்கென்று ஊட்டுவதாயின் ஒரு கைப்பிடி போதும். அண்டை வீட்டாரும் கழுநீர்த் தொட்டியில் சோற்றைக் கொட்டுவதுண்டு. அவர்களிடமும் சொல்லி வைப்பது நல்லது.

6. கம்பு நேப்பியர் ஒட்டுப்புல், வேலிமசால், அகத்தி ஆகியவற்றை வரப்பிலும் கிணற்றடியிலும் வளர்த்துக்கொண்டால் மிச்சச் சோற்றை நாட வேண்டிய நிலை வராது. தாது உப்புக் கலவையையும் நாள்தோறும் 30 முதல் 50 கிராம் சேர்க்கவும்.

7. சோறோ நெல்லோ மிகுதியாகத் தின்றுவிட்டது தெரிந்தால் நோய்க்குறி தோன்றும்வரை காத்திருக்க வேண்டாம். மீதியை அகற்றிவிட்டு, வைக்கோல் மட்டும் வைத்து, உடனே மருத்துவரை அழைக்கவும். சமையல் சோடாவை எவ்வளவு தருவது என்பதை அவர் சொற்படியே செய்யவும். படுத்துவிட்ட மாட்டின் வாயில் எண்ணெயோ கஷாயமோ ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

எங்கே அணுகுவது

2019 நவம்பர் 22ல் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தென்காசி தனி மாவட்டமாயிற்று. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ, 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணையோ உடனே அணுகலாம். இரத்தப் பரிசோதனை போன்ற மேற்கொண்டு தேவைகளுக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் திருநெல்வேலிக் கல்லூரி இராமையன்பட்டியில் இயங்கி வருகிறது.

இலஞ்சிப் பசுவுக்கு அன்று காலையே மருத்துவம் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. மாலை வரை பொறுத்திருந்தால் உறுதி கூற இயலாது. பாவூர்சத்திரத்துப் பசுவோ தக்க மருத்துவத்தால் பெரும்பாலும் தேறிவிடும். ஆனால் ஈற்றின் முதல் மாதத்தில் குறைந்த பால் அந்த ஈற்று முழுவதும் பழைய அளவுக்குத் திரும்பாமல் போகலாம். இரு வீடுகளிலும் இழப்பைத் தவிர்க்கச் செலவு ஒன்றும் தேவைப்பட்டிருக்காது. தொட்டியில் விழுவது என்ன, எவ்வளவு என்ற கவனமே போதும். கறவை மாடு வளர்க்கும் பெருமக்கள் இந்தச் சாரல் காலத்திலிருந்தே இம்முறைகளைக் கடைப்பிடித்து, மாட்டையும் பால் வருமானத்தையும் காத்துக்கொள்வார்களாக.